கண்ணில் மஞ்சள் தெரியாத காமாலை

11 ஆண்டுகளுக்கு முன், என் 24ஆம் வயதில், முதல் முறையாக இரத்த தானம் செய்தேன். கையில் ஒட்டியிருந்த பஞ்சைக் கழற்றி எறிந்ததோடு அதை மறந்தும் போனேன். இரண்டு வாரம் கழித்து இரத்த வங்கியிலிருந்து அழைத்து, நேரில் வர முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். அங்கிருந்த ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, என் இரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்புற ஆன்டிஜென், அதாவது அதன் வெளியுறைப் புரதம், இருப்பதாகவும், அந்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றாமல் அழித்துவிட்டதாகவும், நான் ஒரு கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் நிதானமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்தது, கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பார்த்ததுதான். விழி வெள்ளையாக இருந்தது. நாக்கின் அடியில் பார்த்தேன், நகங்களைப் பார்த்தேன். எங்கும் மஞ்சள் இல்லை. ஆகவே சோதனையில்தான் தவறு நேர்ந்திருக்க வேண்டும் என்று அன்று இரவு முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

தமிழில் நாம் காமாலை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பல நோய்களைப் பேசி முடித்துவிடுகிறோம். மஞ்சள் நிறம் ஓர் அடையாளம் மட்டுமே. நம் இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து சிதைகின்றன. அப்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளைக் கல்லீரல் நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. கல்லீரல் அணுக்கள் பாதிக்கப்பட்டு இந்த வேலை தடைபட்டால் பிலிருபின் இரத்தத்தில் தேங்குகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 1 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டியது 2, 3 என்று ஏறும்போதுதான் விழியின் வெள்ளையில் மஞ்சள் தெரியத் தொடங்கும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பழமொழி சொன்னாலும், காமாலை வந்தவருக்கு உலகம் வழக்கமான நிறத்தில்தான் தெரிகிறது. அவருடைய கண்கள்தான் மற்றவர்களுக்கு மஞ்சளாகத் தெரிகின்றன. பெரும்பாலான வீடுகளில் அதை முதலில் கவனித்துச் சொல்பவர் வேறு ஒருவராகத்தான் இருக்கிறார்.

ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி, அவ்வளவுதான். மது, அளவு மீறிய மருந்து, கொழுப்புப் படிவு, உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தன் கல்லீரலைத் தாக்குவது எனப் பல காரணங்களால் அது வரலாம். வைரஸால் வருவதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏ, பி, சி, டி, இ என ஐந்து வைரஸ்கள் இருக்கின்றன. பெயரைப் பார்த்தால் ஒரு தாய்ப் பிள்ளைகள் போலத் தோன்றினாலும் இவை தமக்குள் உறவில்லாத, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த வைரஸ்கள். போய்ச் சேரும் உறுப்பு ஒன்று என்பதால்தான் ஒரே பெயரின் கீழ் வந்தன. ஆகவே, ‘எனக்குச் சின்ன வயதிலேயே காமாலை வந்து போய்விட்டது, இனி வராது’ என்று யாராவது சொன்னால், வந்தது எந்தக் காமாலை என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. ஏ வந்து போனவருக்கு ஏ மறுபடி வராது; மற்ற நான்கில் எதுவும் வரலாம்.

ஏ, இ இரண்டும் வாய் வழியாக நுழைபவை. நோயுற்றவரின் மலத்தில் வெளியேறும் வைரஸ் குடிநீரிலோ உணவிலோ கைகளிலோ கலந்து இன்னொருவரின் வயிற்றுக்குள் போகிறது. என் பெரியம்மாவின் மகனுக்கு ஹெபடைட்டிஸ் ஏ வந்தபோது, முந்தைய நாள் வெளியில் சாப்பிட்ட உணவின் மீது வீடே பழி போட்டது. ஆனால் அந்த வைரஸ் உடலுக்குள் நுழைந்து நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாள் வரை, சராசரியாக 28 நாள் ஆகும். யார் எங்கே எதைத் தின்றார் என்று நினைவில் தேடுவதானால் ஒரு மாதம் பின்னோக்கிப் போக வேண்டும். அதைவிட முக்கியமாக, கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில்தான் மலத்தில் வைரஸ் மிகுதியாக வெளியேறுகிறது. மஞ்சள் தெரிந்த பிறகு அண்ணனின் தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்தார்கள். பரவ வேண்டிய காலத்தில் பெரும்பகுதி அதற்குள் கடந்திருந்தது. கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும், சமைப்பதற்கும் உண்பதற்கும் முன்பும் சோப்பாலும் ஓடும் நீராலும் கழுவும் பழக்கம்தான் அந்த வீட்டில் மற்றவர்களைக் காத்திருக்க முடியும். கையில் தடவும் ஆல்கஹால் திரவங்களை இந்த வைரஸ் விஷயத்தில் நம்பியிருக்க முடியாது. குடிநீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டால் ஏ, இ இரண்டும் செயலிழந்துவிடும்.

ஏ வைரஸுக்கு நல்ல தடுப்பூசி உண்டு. வீட்டில் ஒருவருக்கு நோய் வந்த பிறகுகூட, தொடர்பில் இருந்தவர்கள் இரண்டு வாரத்துக்குள் அதைப் போட்டுக்கொண்டால் பலன் கிடைக்கும். வைரஸை அழிக்கும் மருந்து ஏ நோய்க்கு இல்லை, பெரும்பாலோருக்குத் தேவையும் இல்லை. ஓய்வு, போதுமான நீர், வாய்க்குப் பிடித்த உணவு, மது அறவே கூடாது, மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமால் உட்பட எந்த மாத்திரையும் கூடாது. இவ்வளவில் உடலே வைரஸை வென்றுவிடும். இங்கே ஒரு மனவருத்தத்தைச் சொல்ல வேண்டும். தானாகவே சரியாகிவிடும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அதுவே குணப்படுத்தியது போலத்தான் தோன்றும். அப்படிப் பெயர் வாங்கிய பொடிகளும் கஷாயங்களும், வேறு காரணத்தால் கல்லீரல் ஏற்கெனவே நலிந்த ஒருவருக்குக் கொடுக்கப்படும்போது, சில வேளைகளில் அந்த மருந்தே கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. ‘ஊரில் 10 பேருக்குக் கேட்டது’ என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த 10 பேரும் எந்த மருந்தும் சாப்பிடாமல் இருந்திருந்தாலும் எழுந்து நடந்திருப்பார்கள்.

மிகச் சிலருக்குத்தான் இந்தத் திடீர் அழற்சி கைமீறிப் போகிறது. அதை அடையாளம் காண எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காமாலை உள்ளவர் பகலிலும் ஓயாமல் தூங்கினால், பேச்சு குழறினால், நாள் கிழமை குழம்பினால், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தால், வாந்தி நிற்காவிட்டால், அந்த நேரத்திலேயே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சோதனைத் தாளில் எல்லாரும் பிலிருபினையும் எஸ்ஜிபிடியையும்தான் பார்க்கிறார்கள். எஸ்ஜிபிடி என்பது சிதையும் கல்லீரல் அணுக்களிலிருந்து கசியும் நொதி. அது ஆயிரங்களில் ஏறிப் பிறகு நலமாக இறங்கியவர்கள் ஏராளம். கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்று காட்டுவது இரத்தம் உறையும் நேரம், அதாவது ஐ.என்.ஆர். என்ற எண். எஸ்ஜிபிடி இறங்கிக்கொண்டே வர, ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே போனால், சிதைவதற்கு இனி அணுக்கள் மிச்சமில்லை என்று பொருள் கொள்ளவும் இடமுண்டு. இ வைரஸும் ஏறத்தாழ ஏ போலவே நடந்துகொள்ளும், ஒரு கொடிய விதிவிலக்குடன்: கருவுற்ற பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதங்களில் அது தொற்றினால், அத்தகைய பெண்களில் 20 முதல் 25 சதவீதம் பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கருவுற்றிருப்பவருக்குக் கண் மஞ்சளானால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது.

இனி என் வைரஸுக்கு வருகிறேன். ஹெபடைட்டிஸ் பி கல்லீரல் அணுவைத் தானாகக் கொல்வதில்லை. அது அணுவின் உட்கருவுக்குள் நுழைந்து, தன் டி.என்.ஏ.வை ஒரு சிறு வளையமாக முடிந்து வைத்துவிட்டு, அதிலிருந்து தன் பிரதிகளை எடுத்துக்கொண்டே இருக்கும். அந்த அணுவைக் கண்டுபிடித்து அழிப்பது நம் நோயெதிர்ப்பு மண்டலம்தான். அந்தப் போரின் புகைதான் காமாலை. வளர்ந்த ஒருவருக்கு பி தொற்றினால் உடல் அந்நியனை உடனே அடையாளம் கண்டு தாக்குகிறது. சிலருக்குக் கண் மஞ்சளாகிறது, சில வாரம் படுக்கையில் கிடக்கிறார்கள், 100 பேரில் 95 பேருக்கு மேல் வைரஸை விரட்டிவிடுகிறார்கள். பிறக்கும்போதே தொற்றிய குழந்தையின் உடலுக்கு அது அந்நியன் என்றே தெரிவதில்லை. குழந்தை மஞ்சளாவதில்லை, அழுவதில்லை, எடை குறைவதில்லை. ஆனால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு வைரஸ் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. நான் கண்ணாடியில் தேடிய மஞ்சள், ஒரு போரில் கிளம்பியிருக்க வேண்டிய புகை. என் உடல் அந்தப் போரைத் தொடங்கவே இல்லை.

கல்லீரலின் இயல்பும் இந்த மௌனத்துக்குத் துணை போகிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பின் உட்புறத்தில் வலி உணரும் நரம்புகள் இல்லை. அதைப் போர்த்தியிருக்கும் உறை இழுபடும்போதுதான் வலது விலாவின் கீழ் ஒரு பாரம் தெரியும். பெரும்பகுதி தழும்பாக மாறிய பிறகும் மிச்சமிருப்பது முழு வேலையையும் இழுத்துச் செய்துகொண்டிருக்கும். கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, இரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்கு வரும் ஒருவர், நேற்றுவரை தான் நன்றாகத்தான் இருந்ததாகச் சொல்வது பொய்யன்று.

நான் முதலில் பார்த்த மருத்துவர் தாளைப் புரட்டிவிட்டு, ‘நீங்கள் வெறும் கேரியர்தான், ஒன்றும் செய்ய வேண்டாம், மறந்துவிடுங்கள்’ என்றார். அந்தச் சொல்லின் ஆறுதலில் நான் மூன்று ஆண்டுகள் எந்தச் சோதனையும் செய்யாமல் இருந்தேன். அவர் மீது இன்று எனக்குக் கோபமில்லை, ஆனால் அந்தச் சொல் மீது உண்டு. கேரியர் என்றால் சுமப்பவர். சுமை என்றும் ஒரே எடையில் இருக்கும் என்ற எண்ணத்தை அந்தச் சொல் மனத்தில் விதைத்துவிடுகிறது. உண்மையில் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி பல கட்டங்களாக நகரும் நோய். பல ஆண்டுகள் அமைதியாக இருந்து, ஏதோ ஒரு வயதில் உடல் விழித்துக்கொண்டு தாக்கத் தொடங்கும். தாக்கிய இடங்கள் தழும்பாகும். தழும்புகள் கூடிக் கல்லீரல் இறுகுவதே சிரோசிஸ். அதன் தொடர்ச்சியாகவும், சில வேளைகளில் அந்தக் கட்டத்துக்கு முன்பேயும், புற்றுநோய் வரலாம்.

திருமணப் பேச்சு வந்தபோதுதான் இரண்டாவது மருத்துவரிடம் போனேன். அவர் ஒரு வெள்ளைத் தாளில் எனக்காகக் கோடு இழுத்து விளக்கினார். மேற்புற ஆன்டிஜென் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் நோய் நாட்பட்டது. பி வைரஸின் இன்னொரு புரதமான இ ஆன்டிஜென் (இ வைரஸோடு இதற்குத் தொடர்பில்லை) இருந்தால் வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறது. வைரல் லோடு இரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று சொல்லும். எஸ்ஜிபிடி இப்போது அழற்சி உண்டா என்று சொல்லும். கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இதுவரை எவ்வளவு தழும்பு சேர்ந்திருக்கிறது என்று சொல்லும். எனக்கு வைரஸ் கோடிக்கணக்கில் இருந்தது, எஸ்ஜிபிடி சாதாரணமாக இருந்தது, ஃபைப்ரோஸ்கேனில் 5.1 கிலோபாஸ்கல். மருந்து இப்போது தேவையில்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும் என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு, ‘அம்மாவுக்குப் பார்த்திருக்கிறீர்களா?’ என்று கேட்டார்.

அம்மாவுக்கு அப்போது 50 வயது. ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று படுத்தவர் அல்லர். அவருக்கும் என் தம்பிகள் இருவருக்கும் ஒரே காலையில் இரத்தம் எடுத்தோம். அம்மாவுக்கு மேற்புற ஆன்டிஜென் இருந்தது. ஃபைப்ரோஸ்கேன் 14 கிலோபாஸ்கல் காட்டியது. 12.5-ஐத் தாண்டினால் சிரோசிஸ் இருக்கக்கூடும் என்று கொள்வார்கள். பெரிய தம்பிக்கும் ஆன்டிஜென் இருந்தது. சின்னவனுக்கு ஆன்டிஜென் இல்லை, ஆனால் வைரஸின் உட்கூறுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப்பொருளும் மேற்புறத்துக்கு எதிரான எதிர்ப்புப்பொருளும் இருந்தன. அவனுக்கும் எப்போதோ தொற்றி, அவன் உடல் அதை வென்றிருக்கிறது, எங்களில் யாருக்கும் தெரியாமல். அன்று இரவு அம்மா சமையலறை விளக்கை அணைக்காமலே நின்றுகொண்டு, ‘என்னிடமிருந்துதான் உனக்கு வந்ததாம்மா?’ என்று கேட்டார். ஆம் என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு உங்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் அம்மா, அவருக்கு அவர் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், அவர்கள் காலத்தில் இதற்குப் பெயர்கூடக் கிடையாது என்று மட்டும் சொன்னேன்.

இந்த வைரஸ் பரவும் வழிகள் தெளிவானவை: பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கு, பாதுகாப்பற்ற உடலுறவால், பரிசோதிக்காமல் ஏற்றும் இரத்தத்தால், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவதால், சரியாகக் கிருமி நீக்காத அறுவை, பல் மருத்துவ, பச்சை குத்தும் கருவிகளால், சவரக்கத்தியையும் பல் துலக்கியையும் பகிர்ந்துகொள்வதால். உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத்துளியில்கூட அது குறைந்தது 7 நாள் வீரியத்துடன் இருக்கும். ஆகவே சிந்திய இரத்தத்தை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து துடைக்க வேண்டும். ஒரே தட்டில் உண்பதாலும், கட்டி அணைப்பதாலும், முத்தத்தாலும், ஒரே கட்டிலில் படுப்பதாலும் பரவாது. தாய்ப்பாலாலும் பரவாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. செய்தி தெரிந்த பிறகு ஓர் உறவினர் வீட்டில் எனக்கு மட்டும் தனித் தம்ளர் வைத்தார்கள், அந்தத் தம்ளரின் விளிம்பில் ஒட்டியிருந்த சிறு நூல் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

திருமணத்துக்கு முன்பே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். கடைசித் தவணைக்கு ஒன்றரை மாதம் கழித்து எதிர்ப்புப்பொருளின் அளவைச் சோதித்தோம். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் இருந்தால் போதும் என்பார்கள். அவருக்கு 400-க்கு மேல் இருந்தது. தடுப்பூசி போட்டதோடு நிறுத்தாமல் அது பிடித்ததா என்று பார்ப்பது நோயாளியின் துணைவருக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் மிகவும் அவசியம், ஏனெனில் போட்டுக்கொண்டவர்களில் சிறு பகுதியினருக்கு அது பிடிப்பதில்லை. அவர்களுக்கு இன்னொரு சுற்றுப் போட வேண்டியிருக்கும்.

இந்தத் தடுப்பூசி வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1960களில் பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஹெபடைட்டிஸைத் தேடவே இல்லை. வெவ்வேறு மக்களின் இரத்தப் புரதங்களில் உள்ள மரபு வேறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்தார். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபிலியா என்ற இரத்தம் உறையாத நோய் உள்ள ஒருவரின் இரத்தம், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்றோடு வினைபுரிந்தது. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயரிட்டு 1965-இல் அவர் வெளியிட்டது பி வைரஸின் மேற்புறப் புரதம் என்பது பிறகுதான் தெளிவானது. அந்த வைரஸ் தன் வெளியுறைப் புரதத்தைத் தேவைக்கு மிக மிக அதிகமாக உண்டாக்கி, வெற்று உறைகளை இரத்தத்தில் மிதக்க விடுகிறது. அந்த உறைகளைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தினால் நோய் தராமல் எதிர்ப்பு மட்டும் தரும் என்ற எண்ணத்திலிருந்து 1981-இல் முதல் தடுப்பூசி வந்தது. 1986-இல் இரத்தமே தேவைப்படாமல் ஈஸ்ட் அணுக்களில் அந்தப் புரதத்தை வளர்த்துச் செய்த தடுப்பூசி வந்தது. பிளம்பெர்குக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28 இன்று உலக ஹெபடைட்டிஸ் தினம். தைவான் 1984-இல் பிறக்கும் குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கியது, சில ஆண்டுகளிலேயே அங்கே குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் குறைந்தது. புற்றுநோயைத் தடுக்கும் முதல் தடுப்பூசி என்று இதைச் சொல்வதில் மிகையில்லை.

நான் கருவுற்றபோது இந்தக் கதை என் உடலுக்குள் வந்தது. இ ஆன்டிஜென் உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு எந்தத் தடுப்பும் தராவிட்டால் 100-க்கு 70 முதல் 90 பேருக்குத் தொற்று வரும். பிறந்தவுடன் தடுப்பூசி போட்டாலும், தாயின் வைரல் லோடு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டைத் தாண்டினால் சில குழந்தைகளுக்கு அது போதாமல் போகிறது. ஆகவே 28ஆம் வாரத்திலிருந்து எனக்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்தார்கள். பிரசவ நேரத்துக்குள் கோடிகள் ஆயிரங்களாக இறங்கின. மகள் பிறந்து தொப்புள்கொடி வெட்டிய ஒரு மணி நேரத்துக்குள், செவிலியர் இரண்டு சிறிய ஊசிகளைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். ஒன்று தடுப்பூசி, மற்றொன்று ஏற்கெனவே செய்துவைத்த எதிர்ப்புப்பொருளான இம்யூனோகுளோபுலின். ஒன்று வலத்தொடையில், மற்றொன்று இடத்தொடையில். இரண்டையும் ஒரே இடத்தில் போடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போட்டார். முதல் ஊசிக்கு அழாத குழந்தை இரண்டாவதற்கு வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டபடி, என்னைப் பெற்ற அன்று என் அம்மாவுக்கு இந்தத் தட்டு வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். மகளுக்கு 9 மாதம் முடிந்தபோது இரத்தம் சோதித்தோம்: ஆன்டிஜென் இல்லை, எதிர்ப்புப்பொருள் நிறைய இருந்தது. அந்தத் தாளை அம்மா தன் சேலைகளின் நடுவே வைத்திருக்கிறார்.

தாய்க்கு நோய் இருக்கிறதோ இல்லையோ, பிறந்த 24 மணி நேரத்துக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் தவணை போட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளை போடலாம், அடுத்த வாரம் போடலாம் என்று தள்ளினால் வைரஸ் கல்லீரலில் குடியேறிவிடுகிறது. அதேபோல், நோயாளிக்குக் குத்திய ஊசி கையில் குத்திவிட்டால், அந்த இடத்தைச் சோப்பால் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு அந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தால் பெரும்பாலும் காத்துவிடலாம்.

சிகிச்சை பற்றி நேராகச் சொல்கிறேன். டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகியவை நாளுக்கு ஒரு மாத்திரை. வைரஸ் பிரதியெடுப்பதை அவை நிறுத்துகின்றன. உட்கருவில் முடிந்து வைத்த அந்த வளையத்தை அவற்றால் தொட முடியாது. ஆகவே பெரும்பாலோருக்கு இது பல்லாண்டு, சிலருக்கு வாழ்நாள் சிகிச்சை. நலமாக இருக்கிறதே என்று தானாக நிறுத்துவதுதான் மிகப் பெரிய ஆபத்து. அடங்கியிருந்த வைரஸ் ஒரே பாய்ச்சலில் எழும்பிக் கல்லீரலைச் செயலிழக்க வைக்கக்கூடும். அம்மா 8 ஆண்டுகளாக ஒரு நாளும் விடாமல் டெனோஃபோவிர் சாப்பிடுகிறார். அவருடைய ஃபைப்ரோஸ்கேன் 14-இலிருந்து 8-க்கு வந்திருக்கிறது. தழும்பு கரையாது என்று நான் நினைத்திருந்தேன். வைரஸை அடக்கிவைத்தால் கல்லீரல் மெதுவாகத் தன்னைச் சீர்படுத்திக்கொள்கிறது. ஆனாலும் புற்றுநோய் ஆபத்து முழுவதும் போய்விடாது என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்கிறோம். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர், முன்பு வந்து போனவரும்கூட, கீமோதெரபியோ நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தோ தொடங்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; உறங்கும் வைரஸ் அப்போது எழலாம்.

டி வைரஸ் பி இல்லாமல் வாழ முடியாதது. பி-யின் உறையைக் கடன் வாங்கித்தான் அது அணுவை விட்டு வெளியேறுகிறது. இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் மிக வேகமாகக் கெடும். பி தடுப்பூசி போட்டவருக்கு டி-யும் வராது என்பது இதில் உள்ள ஒரே நல்ல செய்தி. பி உள்ளவர்கள் ஒருமுறையாவது டி-க்கும் சோதித்துக்கொள்வது நல்லது.

சி-யின் கதை வேறு மாதிரியானது. ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்று மட்டுமே நெடுங்காலம் அழைக்கப்பட்ட அந்த வைரஸ் 1989-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன் ஏற்றப்பட்ட எந்த இரத்தத்தையும் அதற்காகச் சோதித்திருக்க வழியே இல்லை. என் மாமா ஒரு விபத்துக்குப் பிறகு அந்தக் காலத்தில்தான் இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றிக்கொண்டார். 30 ஆண்டுகள் கழித்து, சோர்வு என்று போனவருக்கு சி இருப்பது தெரிந்தது. அவருக்குக் கிடைத்த சிகிச்சை சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த ஒரே மாத்திரை, 12 வாரம். முன்பிருந்த இன்டர்ஃபெரான் ஊசியில் ஓராண்டு காய்ச்சலும் மனச்சோர்வும் பட்டும் பாதிப் பேருக்கே குணமானது. இன்றைய மாத்திரைகளால் 100-க்கு 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமாகிறார்கள். மருந்து முடிந்து 12 வாரம் கழித்தும் இரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. இல்லையென்றால் குணமாகிவிட்டது என்றே பொருள். இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் மூவரும் 2020-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மாமா குணமான மறு ஆண்டு கண்புரை அறுவைக்குப் போனபோது சி பாசிட்டிவ் என்று தாள் வந்து வீடே கலங்கியது. எதிர்ப்புப்பொருள் சோதனை, வைரஸ் ஒரு காலத்தில் வந்துபோனது என்பதை மட்டும் காட்டும். குணமான பிறகும் அது ஆயுள் முழுவதும் பாசிட்டிவ் என்றே வரும். இப்போது வைரஸ் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும். அதில் இல்லை என்று வந்தது. சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஒருமுறை குணமானவருக்கு மறுபடி தொற்றவும் கூடும். ஆகவே ஊசி, சவரக்கத்தி, பச்சை குத்தும் கருவி பற்றிய கவனம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022-இல் 25.4 கோடிப் பேர் நாட்பட்ட பி-யுடனும் 5 கோடிப் பேர் சி-யுடனும் வாழ்ந்தார்கள். அந்த ஓராண்டில் வைரஸ் ஹெபடைட்டிஸால் 13 லட்சம் பேர் இறந்தார்கள். என்னை உறங்கவிடாத எண் இன்னொன்று: பி உள்ளவர்களில் 13 சதவீதம் பேருக்கு மட்டுமே தங்களுக்கு அது இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. மற்றவர்கள் கண்ணாடியில் விழி வெள்ளையாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறார்கள், நான் இருந்தது போலவே.

சோதனைக்குப் போகிறவர்கள் எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் செயல்பாட்டுச் சோதனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம், என் எல்.எஃப்.டி. பல ஆண்டுகள் குறையே இல்லாமல் இருந்தது. பி-க்கு மூன்று சோதனைகளைச் சேர்த்துக் கேளுங்கள்: மேற்புற ஆன்டிஜென், மேற்புறத்துக்கு எதிரான எதிர்ப்புப்பொருள், உட்கூறுக்கு எதிரான மொத்த எதிர்ப்புப்பொருள். இப்போது நோய் உண்டா, முன்பு வந்து போனதா, தடுப்பூசியின் காப்பு இருக்கிறதா, அல்லது எதுவுமே இல்லாமல் இனித்தான் தடுப்பூசி போட வேண்டுமா என்பதை மூன்றும் சேர்ந்து சொல்லிவிடும். சி-க்கு எதிர்ப்புப்பொருள் சோதனை ஒன்று, அது பாசிட்டிவ் என்றால் ஆர்.என்.ஏ. வாழ்நாளில் ஒருமுறையாவது இவற்றைச் செய்துகொள்ள நோய் அறிகுறி எதுவும் வேண்டியதில்லை.

பிரசவத்துக்குப் பிறகு என் எஸ்ஜிபிடி ஏறியதால் நானும் இப்போது தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். அம்மாவின் டப்பாவும் என் டப்பாவும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் இரண்டையும் எடுத்துவந்து மேசையில் வைக்கிறார். அடுத்த ஸ்கேனுக்கு இருவருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கியிருக்கிறேன். பெரிய தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.